எண்ணெய் எட்டாத வளைவு

அத்தியாயம் 19

காலை ஏழு மணிக்கு மூத்தவள் தன் அறைக் கதவைத் திறந்தபோது, உள்ளே ஒரு தச்சர் முழந்தாளிட்டுச் சுவரை அளந்துகொண்டிருந்தார். வாயில் பென்சில், கையில் அளவு நாடா. அவளுடைய வரைபலகையை அவரே நகர்த்தி ஓரத்தில் சாய்த்து வைத்திருந்தார்.

"யாரு உங்களை வரச் சொன்னது?"

"சின்னவர்தாம்மா. நடுவுல ஒரு தடுப்பு வரணுமாம். இந்தப் பக்கம் விற்பனை ஆளுங்க, அந்தப் பக்கம் அவரோட ரூம். நாளைக்கே வேணும்னாரு."

"இன்னிக்கு என்ன நாள்னு சொன்னாரா?"

தச்சர் பென்சிலை வாயிலிருந்து எடுத்தார். "சோதனை நாள்னு சொன்னாரு. சாயங்காலத்துக்குள்ள ரூம் காலியாயிடும்னாரு." அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேம்மா."

பிணம் விழுமுன்னே குழிக்கு அளவெடுப்பவர்களை உலகம் கண்டிருக்கிறது. உடன்பிறந்தவளின் குழிக்கு அவளையே விளக்குப் பிடிக்கச் சொல்கிறவனை இந்தக் குடும்பத்தில்தான் காண முடியும்.

மூத்தவள் தச்சரைத் துரத்தவில்லை. "அளந்து முடிங்க. ஜன்னல் பக்கம் சுவர் நேரா இருக்காது. ஒன்றரை அங்குலம் உள்வாங்கும். அதைக் கழிச்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

வேலை தெரிந்தவளின் வாய் அந்த நேரத்திலும் ஒரு பிழையைத் திருத்தியது. மூன்று வாரமாக அவள் திருத்தாமல் வைத்திருந்த பிழை வேறொன்று.

* * *

அந்தப் பிழைக்கு வருமுன் அந்த வீட்டின் வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும்.

தந்தை தொழிற்சாலையின் முதலாளி. பிள்ளைகள் இருவர். மூத்தவள் எஞ்சின் வரைபவள். தம்பி விலையையும் விற்பனையையும் கவனிப்பவன். பத்து வயதும் ஏழு வயதுமாக அவர்கள் இருந்த காலத்திலேயே தந்தை ஆளுக்கொரு பழைய மொபெட் எஞ்சினைப் பிரித்துப்போட்டு, "யாரு முதல்ல ஓட விடுறீங்கன்னு பார்ப்போம்" என்பார். தோற்ற பிள்ளை உணவு மேசையருகே எழுந்து நின்று, "நான் தோத்தேன்" என்று சொல்ல வேண்டும். சொன்ன பிறகே தட்டில் சோறு விழும். ஒருமுறை தம்பி இரண்டு நாள் வீம்பாக வாயைத் திறக்கவில்லை. மூன்றாம் நாள் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று சொன்னான்.

இருவருக்கும் தலை நரைக்கத் தொடங்கிய பின்னும் வழக்கம் மாறவில்லை. பிள்ளைகளை வளர்ப்பதாக எண்ணிக்கொண்டு சண்டைச் சேவல்களை வளர்த்தவர் அவர்.

அந்த வீட்டுக்கு வெளியிலிருந்து வந்தவர் ஒருவரே. மூத்தவளின் கணவர். தொழிற்சாலையின் சோதனை ஓட்டுநரான அவரை வாயிற்காவலர் முதல் முதலாளி வரை எல்லாரும் 'மாப்பிள்ளை' என்றே அழைத்தனர். திருமணமான புதிதில் அந்தச் சடங்கை முதன்முதலாகக் கண்டபோது அவர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். "என்னங்க இது, சாப்பாடா கோர்ட்டா?" என்று கேட்டார். ஒருவரும் சிரிக்கவில்லை. அன்று முதல் அவர் சமையலறையில் நின்றபடியே உண்ணப் பழகிக்கொண்டார்.

இருபத்தெட்டு ஆண்டுகளாகச் சரக்கு வேன் மட்டுமே செய்துவந்த அந்தத் தொழிற்சாலை, இப்போது ஒரு பந்தயக் கார் செய்ய முற்பட்டிருந்தது. கோடீசுவரனுக்கான கார் அன்று. ஓர் ஆசிரியரும் ஒரு செவிலியும் தம் சம்பளத்தில் வாங்கி, சீறிப் பாயக்கூடிய கார். ஒரே வடிவில் இரண்டு உடல்கள் தயார். எஞ்சின்கள் இரண்டு தயார்.

மூத்தவளின் எஞ்சின் ஆறு ஆண்டு உழைப்பு. காற்றைத் திணிக்கும் டர்போ ஏதுமின்றித் தன் மூச்சைத் தானே இழுப்பது. நிமிடத்துக்கு எட்டாயிரம் சுற்றுக்குமேல் சுழல்வது. அந்த வேகத்தைத் தாங்க, வார்த்தெடுத்த பிஸ்டன் போதாது என்று அடித்து உருவாக்கிய பிஸ்டன்களைப் போட்டிருந்தாள். ஓட்டுகிறவனின் கால் எவ்வளவு சொல்கிறதோ அவ்வளவே செய்யும். கூடவும் செய்யாது, குறையவும் செய்யாது. குற்றம் ஒன்றே: விலை.

தம்பியின் எஞ்சின், நாள்தோறும் நாற்பது வீதம் வார்க்கப்படும் சரக்கு வேன் எஞ்சினே. அதன் தலையில் ஒரு டர்போவை ஏற்றி, காற்றை உள்ளே திணித்து, இருமடங்கு பலம் கறந்திருந்தான். விலை பாதி. அறிவற்ற யோசனை என்று அதனை ஒதுக்கிவிட முடியாது. அதுதான் மூத்தவளை உறங்கவிடாத செய்தி.

சென்ற மாதம் உணவு மேசையில் தந்தை தீர்ப்பைச் சொல்லியிருந்தார். தடத்தில் இருபது சுற்று. பிறகு இரண்டு எஞ்சினையும் பிரித்துப் பார்ப்பார்கள். வேகமாக ஓடி, முழுதாக நிற்பது எதுவோ அதுவே காருக்குள் போகும். மற்றது உருக்கு உலைக்கு. அதை உருவாக்கிய பிள்ளை, உதிரிப் பாகக் கிடங்குக்கு.

* * *

சோதனைத் தடம் தொழிற்சாலைக்குப் பின்னால் இருந்தது. ஒரு நேர்ச்சாலை, மூன்று குறுகிய திருப்பங்கள், இறுதியில் இடப்பக்கமாகச் சுழலும் ஒரு நீண்ட வளைவு. அந்த வளைவுக்குள் புகுந்த கார் வெளியேறப் பத்து நொடி ஆகும்.

மூத்தவளின் எஞ்சின் முதலில் ஓடி முடித்திருந்தது. ஓட்டியவர் மாப்பிள்ளை. இருபது சுற்றும் குறையில்லை. சுற்றுக்கு நூற்றாறு நொடி.

கொட்டகைக்குள் தம்பி தன் காரின் மேல்மூடியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான். அவளைக் கண்டதும் பல் தெரியச் சிரித்தான்.

"என்னக்கா, தச்சர் வந்தாரா? அளவு சரியா எடுத்தாரா?"

"எடுத்தாரு. ஜன்னல் பக்கம் கோணல்னு நான்தான் சொன்னேன்."

"பார்த்தியா, இதுதான் அக்கா. கிடங்குல உனக்கு ஒரு நல்ல நாற்காலி போடச் சொல்லியிருக்கேன். கை வச்சது. முட்டி வலிக்கு நல்லது."

"உன் எஞ்சின் முதல்ல இருபது சுத்து முடிக்கட்டும்."

"முடிக்கும். சோதனைப் பெஞ்சுல நூறு மணி நேரம் ஓடிச்சு. ஒரு சொட்டு ஒழுகல. அக்கா, உன் எஞ்சின் பாட்டுப் பாடும். நான் இல்லைன்னு சொல்லல. ஆனா வாங்குறவன் பாட்டுக் கச்சேரிக்கா வரான்? குறைஞ்ச விலையில முதுகுல பிடிச்சுத் தள்ளணும் அவனுக்கு. அவ்வளவுதான்."

"கழுதைக்குச் சேணம் போட்டா குதிரை ஆயிடுமா?"

"குதிரை வாங்க ஆள் இல்லாத சந்தையில கழுதைதான்க்கா ராஜா."

சுற்றி நின்ற மெக்கானிக்குகள் சிரித்தனர். அவர்களுள் இருவர் ஆறு ஆண்டு அவளிடம் வேலை கற்றவர்கள். காற்று எப்பக்கம் அடிக்கிறதென்று அவர்கள் பார்த்துக்கொண்டுவிட்டார்கள்.

மூத்தவள் குனிந்து காரின் அடிப்பகுதியைப் பார்த்தாள். மாறவில்லை. மூன்று வாரத்துக்கு முன் கண்ட அதே எண்ணெய்த் தொட்டி.

அன்று தம்பியின் எஞ்சின் தாங்கியில் தலைகீழாகக் கிடந்தது. அடியில் பொருத்தியிருந்தது வேனின் தொட்டி. அவளே பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் வரைந்தது. எண்ணெயை உறிஞ்சும் குழாயின் வாய் அதில் இடது ஓரத்தில் இருக்கும். வேனில் நடுவே அச்சுக்கம்பி ஓடுவதால் வேறு இடம் இல்லை. வேனுக்கு அது போதும். மூட்டை ஏற்றிய வேனை எவன் வளைவில் பறக்கவிடப் போகிறான்?

இந்தக் காரோ பறக்கும். இடப்பக்க வளைவில் பத்து நொடி பறந்தால், சாய்த்த பாத்திரத்தின் நீரைப்போல எண்ணெய் முழுவதும் வலப்பக்கம் ஒதுங்கும். குழாயின் வாய் வறண்டு காற்றைக் குடிக்கும். ஒரு சாண் அகலத் தகடு ஒன்றைக் குறுக்கே வைத்தால் எண்ணெய் ஒதுங்காது. அரை நாள் வேலை. பெஞ்சில் நூறு மணி நேரம் ஓட்டினாலும் இந்தக் குறை தெரியாது, பெஞ்சு வளைவதில்லை.

"என் எஞ்சின்மேல அக்கா ரூம் ஆளுங்க மூச்சுக்காத்துகூடப் படக்கூடாது. அவங்க அலமாரியிலிருந்து ஒரு தாள் எடுக்கக்கூடாது" என்று தம்பி எல்லார் முன்னிலையிலும் ஆணையிட்டிருந்தான். வீம்புக்குப் பிறந்த பிழை அது. அன்று அவள் தொட்டியைப் பார்த்து நின்றபோது, "என்ன பாக்குற?" என்று கேட்டான்.

"ஒண்ணும் இல்ல" என்றாள்.

தன் காரைத் தானே ஓட்டப்போவதாக அவன் சொல்லியிருந்தான். அவன் நல்ல ஓட்டுநன் அல்லன். வளைவைக் கண்டால் கால் நடுங்கும். மெதுவாகத்தான் போவான். பிரித்துப் பார்க்கும்போது பேரிங்குகள் கீறியிருக்கும், அவ்வளவே. இப்படிக் கணக்குப் போட்டு அவள் தன் மனச்சாட்சியைத் தட்டித் தூங்கவைத்திருந்தாள்.

* * *

தந்தை வந்தார். எப்போதும்போல் உட்காரவில்லை. கைக்கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தபடி இரண்டாவது காரை ஒருமுறை சுற்றி வந்தார். காரின் இடப்பக்கம் கொஞ்சம் நின்றார்.

தம்பி தலைக்கவசத்தை எடுத்தான்.

"அதை வை" என்றார் தந்தை.

"அப்பா?"

"ரெண்டு காரையும் ஒரே ஆள் ஓட்டணும். அப்பதான் நியாயம். மாப்பிள்ளை, நீங்களே ஏறுங்க."

மாப்பிள்ளை அப்போதுதான் முகம் கழுவிவிட்டு வந்திருந்தார். கழுத்தில் துண்டு. "நானா? இப்பதானே இறங்கினேன். சரி, சின்ன மச்சான் புண்ணியத்துல கழுதைச் சவாரியும் பார்த்துடலாம்" என்று துண்டை உதறினார்.

"மாமா, நீங்களுமா?" என்றான் தம்பி. ஆனால் அவன் முகத்தில் நிம்மதியே தெரிந்தது.

மாப்பிள்ளை கால் நடுங்குகிறவர் அல்லர். அந்தத் தடத்தில் அவரைவிட வேகமாக வளைவெடுப்பவர் எவரும் இலர்.

அவர் இருக்கையில் அமர்ந்து வாரைப் பூட்டிக்கொண்டிருந்தபோது அவள் சன்னலருகே சென்று குனிந்தாள்.

"ஏங்க..."

"என்ன, முகம் இப்படி வெளிறிப்போச்சு? தோத்துடுவோம்னு பயமா? தோத்தா என்ன? கிடங்குல ரெண்டு பேரும் போல்ட் எண்ணுவோம். சாயங்காலம் அஞ்சு மணிக்கெல்லாம் வீட்டுக்கு வரலாம். நிம்மதி."

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். போல்ட் எண்ணுவது. ஆறு ஆண்டு. தச்சரின் வாயிலிருந்த பென்சில். அவள் காரின் சன்னலிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள்.

சொன்னால் என்ன ஆகும்? சோதனை ஒரு நாள் தள்ளிப்போகும். தம்பி ஒரு தகட்டை வைப்பான். பிறகு பாதி விலையில், கூடுதல் வேகத்தில், அவன் வெல்வான். அவள் வாயாலேயே வெல்வான்.

"பார்த்துப் போங்க" என்றாள்.

"இதுக்குத்தானே சம்பளம்" என்றார் மாப்பிள்ளை.

* * *

அந்தத் தொழிற்சாலையில் இன்னொரு முறையும் உண்டு. சோதனையின்போது ஓட்டுநருடன் பேசும் வாக்கி டாக்கி எஞ்சினைச் செய்தவரிடம் இருக்காது, எதிராளியிடமே இருக்கும். "தன் பிள்ளை இருமினாலும் பாட்டுன்னு சொல்லுவான். பகையாளிதான் இருமலை இருமல்னு சொல்லுவான்" என்பது தந்தையின் விதி. காலையில் அவளுடைய எஞ்சின் ஓடியபோது அது தம்பியின் கையில் இருந்தது. இப்போது அவள் கையில். இருபத்தெட்டு ஆண்டுகளில் அந்த விதி ஒருமுறையும் பிழைத்ததில்லை. பகையாளி பொய் சொல்லக்கூடும் என்று மட்டும் ஒருவரும் எண்ணிப்பார்த்ததில்லை.

முதல் சுற்று நூற்றைந்து. இரண்டாவது நூற்று மூன்று.

"நூத்தி மூணு!" தம்பி தொடையில் தட்டினான். "குளிர்ந்த டயர்லயே நூத்தி மூணு! அக்கா, எழுதிக்கோ. உன் கையாலயே எழுது."

அவள் எழுதினாள். டர்போவின் ஊளை தடம் முழுவதும் கேட்டது. காலையில் அவள் எஞ்சின் ஓடியபோது ஒவ்வொரு வால்வின் தட்டலையும் எண்ண முடிந்தது. இதில் அந்த ஊளையைத் தவிர வேறெதுவும் காதில் விழவில்லை.

நான்காவது சுற்று. ஐந்தாவது. ஆறாவது சுற்றில் வாக்கி டாக்கி கரகரத்தது.

"நீள வளைவுல சிவப்பு லைட்டு கண்ணடிக்குது. ஆயில் முள்ளு கீழ விழுந்து ஏறுது. வளைவு முடிஞ்சா சரியாயிடுது. என்ன பண்ணட்டும்?"

"அது ஒண்ணும் இல்லக்கா!" தம்பி துள்ளினான். "வேன்லயும் அந்த லைட்டு அப்படித்தான். எல்லா டிரைவரும் புகார் சொல்வான். ஒயர் லூசு. நிறுத்தச் சொல்லாத!"

பேச வேண்டியவள் அவள். விதி அது. தந்தை இரண்டடி தள்ளி நின்று தடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் காது மட்டும் இந்தப் பக்கம் இருந்தது.

"ஏய், கேக்குதா?" மாப்பிள்ளையின் குரல். "இந்தத் தொட்டி நீ வரைஞ்சதுதானே? நீ சொல்லு. நிறுத்தட்டா, ஓட்டட்டா?"

அவள் கணக்கு விரைவாக ஓடியது. எண்ணெய் குறைந்தால் முதலில் பேரிங் தட்டும். தட்டல் கேட்டதும் அவர் காலை எடுத்துவிடுவார். அவர் காது அப்படிப்பட்டது. வண்டி ஓரமாக உருண்டு நிற்கும். எஞ்சின் போகும், ஆளுக்கு ஒன்றும் ஆகாது. இத்தனை பெரிய கணக்கில் அவள் ஒன்றை மறந்தாள். தன் எஞ்சினின் காதைக்கொண்டு தம்பியின் எஞ்சினைக் கேட்டாள். அந்த ஊளைக்கு நடுவே எந்தத் தட்டல் கேட்கும்?

"ஒண்ணும் இல்ல" என்றாள். "ஓட்டுங்க."

தந்தை திரும்பி அவளைப் பார்த்தார். அவர் கண்ணில் கோபம் இல்லை. பரீட்சைத்தாளில் எதிர்பாராத மதிப்பெண்ணைக் கண்ட முகம் அது.

ஏழாவது சுற்று நூற்றிரண்டு.

எட்டாவது சுற்றில் கார் நீண்ட வளைவுக்குள் புகுந்தது. ஊளை ஏறிக்கொண்டே போயிற்று. பிறகு, கத்தியால் அறுத்தாற்போல நின்றது. ஒரு கணம் ஒலியே இல்லை. அடுத்து டயர்கள் அலறின. எஞ்சின் இறுகி, பின்சக்கரங்கள் பூட்டிக்கொண்டு, வெள்ளைக் கார் பக்கவாட்டில் சரிந்து, சரளைக் கற்களை வாரி இறைத்துக்கொண்டு டயர்ச் சுவரில் மோதிக் கவிழ்ந்தது.

வாக்கி டாக்கி அவள் கையில் கரகரத்துக்கொண்டே இருந்தது. அதிலிருந்து மாப்பிள்ளையின் குரல் வரவில்லை.

* * *

முதலுதவி அறையில் ஒரு கட்டில், ஒரு மேசை, ஒரு குழாய். மாப்பிள்ளையின் இடக்கை இரண்டிடத்தில் முறிந்திருந்தது. நெற்றியில் ஐந்து தையல். மருத்துவமனை வண்டி வரும்வரை செவிலி கையைப் பலகையில் வைத்துக் கட்டியிருந்தார். உயிருக்கு ஊறில்லை என்று சொல்லிவிட்டு மருந்தெடுக்க வெளியே போனார்.

மூத்தவள் கட்டில் ஓரத்தில் அமர்ந்திருந்தாள். தந்தை சுவரோரம் நின்றார்.

"பரவாயில்லை" என்றார் தந்தை, மருமகனைப் பார்க்காமல் மகளைப் பார்த்து. "உன் எஞ்சின்தான் போகுது. நாளைக்கே அச்சு வார்க்கச் சொல்லிடு. இத்தனை நாள் உன்னைச் சாதுன்னு நெனச்சேன். நீ என் பொண்ணுதான்."

அவள் வாழ்நாளெல்லாம் கேட்கக் காத்திருந்த சொல் அது. அது வந்த இடம் இது.

மாப்பிள்ளை மெல்லத் தலையைத் திருப்பினார். "அவர் என்ன சொல்றாரு?"

"ஒண்ணும்..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டாள்.

"எனக்கு ஒண்ணு புரியல. அந்த லைட்டைப் பார்த்ததும் நான் காலை எடுத்துட்டேன். நீ சொன்ன பிறகுதான் மறுபடி மிதிச்சேன். வேற யார் சொல்லியிருந்தாலும் மிதிச்சிருக்க மாட்டேன்."

கதவு திறந்தது. தம்பி. சட்டையெல்லாம் எண்ணெய். கையில் ஒரு நீளத் தாள், மடிப்பில் மஞ்சளேறிய தாள். கவிழ்ந்த காரின் அடியைப் பார்த்தபின், மூன்று வாரமாகத் தன் ஆட்களுக்குத் தானே மூடிவைத்த அலமாரியைத் தானே போய்த் திறந்திருக்கிறான்.

"நில்லு" என்றார் தந்தை. "முதல்ல சொல்ல வேண்டியதைச் சொல்லு."

"இங்கேயா? இது சாப்பாட்டு மேசையா?"

"எங்கே தோத்தாலும் தோல்விதான். சொல்லு."

தம்பியின் தாடை இறுகியது. "நான் தோத்தேன்" என்றான். கண்ணில் நீர் முட்டிற்று. "ஆச்சா? இப்ப இதைக் கொஞ்சம் பாருங்க. வேன் தொட்டியோட தாள். ஓரத்துல அக்கா கையெழுத்துல ஒரு குறிப்பு. அதுக்குக் கீழ, 'பார்த்தேன்'னு உங்க கையெழுத்து."



மூத்தவள் தந்தையை நிமிர்ந்து பார்த்தாள். காரின் இடப்பக்கம் அவர் கொஞ்சம் நின்றது நினைவுக்கு வந்தது. 'அதை வை' என்று மகனின் கையிலிருந்து தலைக்கவசத்தை இறக்கிவைத்தது நினைவுக்கு வந்தது. ஒரே ஆள் ஓட்ட வேண்டும் என்ற நியாயம் எங்கிருந்து பிறந்தது என்பது இப்போது விளங்கிற்று. சேவல்களில் ஒன்றையும் அவர் சாகவிடவில்லை. இரவல் சேவலைக் களத்தில் இறக்கினார்.

"அப்பா, உங்களுக்குத் தெரிஞ்சுதான் என்னை ஓட்ட விடலயா?" என்று கேட்டான் தம்பி. அவன் குரலில் சினத்தைவிட, ஏழு வயதுப் பிள்ளையின் ஆசையே மிகுந்திருந்தது. காக்கப்பட்டோம் என்று கேட்டுவிடும் ஆசை.

தந்தை கைக்கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தார். "வண்டி வர நேரமாச்சு. நான் வாசல்ல நிக்கிறேன்" என்று வெளியே நடந்தார்.

மாப்பிள்ளை வலக்கையை நீட்டினார். "அதை இங்க கொடு, மச்சான்."

தம்பி கொடுத்தான். ஒற்றைக் கையால் அந்த நீளத் தாளை விரிக்க அவரால் இயலவில்லை. அது மார்பின்மேல் சுருண்டு சுருண்டு விழுந்தது. கண்ணிலும் இரத்தம் கட்டியிருந்தது. சிறிது போராடிவிட்டு, அதனை மனைவியிடம் நீட்டினார்.

"நீயே படி."

"இப்ப வேணாங்க. நீங்க முதல்ல..."

"படி."

அவள் தாளை வாங்கி முழங்காலில் விரித்தாள். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முந்தைய தன் கையெழுத்து. எவ்வளவு நேரான எழுத்து! ஒரு சொல்கூடப் பிசகவில்லை.

"'இத்தொட்டி சரக்கு வேனுக்கு மட்டுமே உரியது'" என்று படித்தாள். "'வேகமாகச் செல்லும் வேறெந்த வண்டிக்கும் இதனைப் பொருத்தலாகாது. இடப்பக்க வளைவில் எண்ணெய் குழாய்க்கு எட்டாது. தடுப்புத் தகடு இன்றி ஓட்டினால் எஞ்சின் இறுகும்.'" மூச்சை இழுத்தாள். "'ஓட்டுநரின் உயிருக்கு ஆபத்து.'"

"கையெழுத்து?"

"பார்த்தது அப்பா."

"வரைஞ்சது?"

தம்பி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவள் எழுந்து நிற்கவில்லை. எழ வேண்டும்போலக் கால்கள் பழக்கத்தில் அசைந்தன.

"நான்" என்றாள்.

மாப்பிள்ளை தாளை அவள் மடியிலிருந்து இழுத்து, கட்டுப்போட்ட கைக்கு அடியில் செருகிக்கொண்டார். வெளியே மருத்துவமனை வண்டி வந்து நிற்கும் ஒலி கேட்டது. அவள் உடன் செல்ல எழுந்தாள்.

"நீ வர வேணாம். சின்ன மச்சான் வருவான். தாளும் என்கிட்டயே இருக்கட்டும்" என்றார். பிறகு, பதினோர் ஆண்டுகளாக அந்த வீட்டு மேசையில் அமர மறுத்த அந்த மனிதர், கண்களை மூடிக்கொண்டு சொன்னார்:

"சொல்லிட்டல்ல. போ. போய்ச் சாப்பிடு."